கேபியும் கயாவும்: முன்முடிபுச் சொற்போரைப் பொருள்கொள்ளும் முறை

முன்னுரை

கதைமாந்தர் இருவர் ஓர் இனத்தாரைப் பற்றி வழக்கிடுங்கால், ஆசிரியர் எப்பக்கம் நிற்கின்றார் என்று வினவுதல் படிப்போர் இயல்பு. வினா தக்கதே. ஆயின் விடை காணும் முறையிற் பலர் வழுவுகின்றனர். ஒருவர் கூற்றை மட்டும் பிரித்தெடுத்து, இதுவே நூலின் கருத்து என்பர் ஒரு சாரார். இருவர் கூற்றையும் இரு தட்டில் இட்டு, இருபாலும் குற்றம் ஒத்தது என்பதே நூலின் கருத்து என்பர் மற்றொரு சாரார். இவ்விரு முறையும் பொருந்தா. கூற்றினை அதன் கேட்போர், களன், காலம், பயன் என்பனவற்றொடு இயைத்துக் காணுதலே நேரிய முறை என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்கின்றோம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது 'ஷிங்கெகி நோ கியோஜின்' என்னும் ஜப்பானியத் தொடர். ஆங்கிலத்தில் 'அட்டாக் ஆன் டைட்டன்' என வழங்குவது. அனிமேஷன் எனப்படும் இயங்கோவியத்தைத் தமிழ்த்துறை இதழில் ஆராய்வது ஏன் எனச் சிலர் வினவக்கூடும். கூற்றாராய்ச்சி நமக்குப் பழந்தொழில். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எங்கே எப்போது சொன்னார் என்று வகுத்துப் பொருள் கண்ட மரபு நம்முடையது. நம் மாணாக்கர் விரும்பிக் காணும் ஒரு நூலில் அம்முறை நிற்குமா என்று சோதித்தல் அம்முறைக்கே உரைகல்லாகும்.

ஒருவரை அறியுமுன்னே, அவர் பிறந்த கூட்டத்தைக் கொண்டு அவர் இன்னார் என முடிவு செய்துவிடுதலை ஈண்டு 'முன்முடிபு' என்கின்றோம்.

நூலும் கதையும்

இசயாமா ஹஜிமே என்பார் எழுதி வரைந்த சித்திரக்கதை 2009-ஆம் ஆண்டு தொடங்கி 2021 ஏப்ரல் முடியத் திங்களிதழ் ஒன்றில் 139 இயல்களாக வெளிவந்தது. அது 2013 முதல் 2023 வரை இயங்கோவியத் தொடராக ஒளிபரப்பாகி நிறைவெய்தியது. முதல் மூன்று பருவங்களை விட் ஸ்டூடியோவும், இறுதிப் பருவத்தை மாப்பா நிறுவனமும் ஆக்கின.

கதையுலகில் எல்தியர் என்றோர் இனத்தார் உளர். பேருருவராக மாறும் தன்மை அவ்வினத்தார் குருதியில் உள்ளது. அவ்வாற்றலால் எல்தியப் பேரரசு பண்டு உலகை ஒடுக்கிற்று என்பது மார்லி நாட்டார் கற்பிக்கும் வரலாறு. ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன் அப்பேரரசு வீழ்ந்தது. அரசன் தன் மக்களுள் ஒரு பகுதியினருடன் பாரடிஸ் என்னும் தீவிற் புகுந்து, மதிலெழுப்பி, அவர்தம் பழைய நினைவுகளையும் அழித்தான். எஞ்சிய எல்தியர் மார்லியின் லிபேரியோ நகரில் வேலியிட்ட குடியிருப்பில், கையில் இன அடையாளப் பட்டை அணிந்து வாழ்கின்றனர். அவர்தம் சிறாருள் தேர்ந்தெடுக்கப்பட்டோர் மார்லிக்காகப் போரிடப் பயிற்றப்படுகின்றனர்.

கேபி அவ்வாறு பயிற்றப்பட்ட 12 அகவைச் சிறுமி. தீவில் வாழும் எல்தியர் பேய்கள் என்பதும், அவர்களை அழித்தால் லிபேரியோவின் எல்தியர் நல்லோர் என உலகம் ஏற்கும் என்பதும் அவள் நெஞ்சிற் பதிந்தவை. கயா அத்தீவிற் பிறந்த சிறுமி. அவள் தாய் நடக்கவியலாதவள். ஊரார் ஓடிவிட, பேருருவர் ஒருவர் அத்தாயைக் கயாவின் கண்முன்னே தின்றார். அன்று கயாவைக் காத்தவள் சாஷா என்னும் படைவீராங்கனை. இது 2017-இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்திற் காட்டப்படுகின்றது. பின்னர்த் தீவினர் லிபேரியோவைத் தாக்கியபோது, தப்பிச் செல்லும் வான்கலத்தில் ஏறிச் சாஷாவைச் சுட்டுக் கொன்றவள் கேபி. சிறைப்பட்டுத் தப்பிய கேபியும் தோழன் பால்கோவும் தீவில் அடைக்கலம் புகுந்த இல்லமோ சாஷாவின் பெற்றோர் இல்லம். அங்கு அவர்களை அழைத்துச் சென்றவள் கயா. அடைக்கலம் தந்தவளும் பெற்றவளும் ஒருவரை ஒருவர் அறியார்.

ஆய்முறை

தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் என்பன அடங்கும். இவற்றைச் செய்யுளுக்கே உரியன என்று ஒதுக்க வேண்டுவதில்லை. மாந்தர் பேசும் எந்நூலுக்கும் இவை பொருந்தும். தருக்கத்திற் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகளைச் சொல்வர். கண்ணாற் கண்டு அறிதல் காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறிதல் கருதல். தக்கோர் சொல்லால் அறிதல் உரை. ஒருவர் தம் வழக்கிற்கு எவ்வளவையைச் சான்றாக நிறுத்துகின்றார் என்று நோக்கின், அவர் நெஞ்சின் நிலை வெளிப்படும். இக்கருவிகளைக் கொண்டு கேபியின் கூற்றுகள் இரண்டனை ஒப்பிடுவோம்.

இரு களன், இரு அளவை

முதற் கூற்றின் களன் லிபேரியோ. காலம் தாக்குதல் நிகழும் இரவு. கேபியின் தோழர் இறந்து கிடக்கின்றனர். அவளை அன்பொடு அறிந்த காவலர் அவள் எதிரிலேயே சுடப்பட்டனர். தீவினர் இவ்வாறு செய்தற்குக் காரணம், முன்பு மார்லியின் வீரர் அவர்தம் ஊரை மிதித்தழித்தமையே என்று பால்கோ எடுத்துரைக்கின்றான். கேபி அவனிடம், அதனை நீ கண்டாயா என்று கேட்கின்றாள். அவன் காணவில்லை என்கின்றான். தானும் காணவில்லை என்றும், தான் காண்பது தன் ஊர் மிதிபடுதலை மட்டுமே என்றும் சொல்லி ஓடுகின்றாள். ஈண்டு அவள் கைக்கொண்டது காண்டலளவை. காணாத ஒன்றை அவள் சான்றாக ஏற்க மறுக்கின்றாள்.

இரண்டாம் கூற்றின் களன் கயாவின் பாழடைந்த வீடு. 2021-இல் ஒளிபரப்பான 'பொய்யர்' என்னும் பொருள்படும் தலைப்புடைய பகுதியில் இஃது அமைகின்றது. அவ்விருவரும் மார்லியிலிருந்து வந்தோர் என்பதைக் கயா முன்னரே உணர்ந்திருந்தாள். தாய் இறந்த இடத்திற்கே அவர்களை அழைத்துச் சென்று, தன் தாய் ஏன் கொல்லப்பட்டாள் என்று கேட்கின்றாள். கேபி தன்னை மறைக்க வேண்டிய இடத்திலும் சினத்தை மறைக்க இயலவில்லை. எல்தியர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உலகைக் கொடுமை செய்தனர், அதனை மறந்துவிட்டனர், அதற்குரிய தண்டமே இது என்பது அவள் விடை. அக்கொடுமைகளை அவள் கண்டாளா? இல்லை. கல்விச்சாலையிற் கேட்டாள்.

இவ்விரு கூற்றையும் அடுத்தடுத்து நிறுத்துக. பகைவர் செயலுக்குக் காரணம் காட்டும் நிகழ்ச்சி அண்மையது. அதனை, நாம் காணவில்லை என்று கேபி தள்ளுகின்றாள். பகைவரைக் குற்றவாளியாக்கும் நிகழ்ச்சி 100 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதனைக் காணாமலே கொள்கின்றாள். தனக்கு ஏலாதது என்றால் காண்டல் வேண்டும். தனக்கு ஏற்றது என்றால் உரை போதும். முன்முடிபு என்பது வாதமின்மை அன்று. அளவையை இடத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் வாதம். ஒரு கூற்றை மட்டும் எடுத்து ஆராய்வார்க்கு இது புலப்படாது. முதற் கூற்றை மட்டும் நோக்குவார் கேபியைக் கண்டதையே நம்பும் நேர்மையாளர் என்பர். இரண்டாவதை மட்டும் நோக்குவார் அவளை வெறியள் என்பர். இரண்டையும் இணைத்து நோக்குவார்க்கே ஆசிரியரின் திறனாய்வு தெரியும்.

இவ்விடத்து மெய்ப்பாட்டையும் மறத்தலாகாது. வெகுளி தோன்றும் நிலைக்களன் நான்கனுள் குடிகோளும் கொலையும் அடங்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. குடிகோளாவது தன்னைச் சார்ந்த குடியினர்க்கு ஊறு நேர்தல். கேபியின் வெகுளி இவ்விரண்டினின்றும் எழுந்த மெய்வெகுளி. பொய்யானது அவள் துயர் அன்று. அத்துயரை அவள் கொண்டு செலுத்தும் இலக்கு.

கயாவின் வினா

இனிக் கயாவின் கூற்றை நோக்குவோம். அவள் எல்தியர் வரலாற்றை மறுக்கவில்லை. மறுத்தற்குரிய அறிவும் அவளிடம் இல்லை. அது 100 ஆண்டுகளுக்கு முந்தையது எனின், இத்தீவிற் பிறந்து இத்தீவில் வாழ்ந்த தன் தாய் செய்த குற்றம் யாது என்று மட்டும் கேட்கின்றாள். திரும்பத் திரும்ப அதனையே கேட்கின்றாள்.

கேபி பேசியன யாவும் பன்மை: எல்தியர், உங்கள் முன்னோர், நீங்கள். கயா கேட்பது ஒருமை: என் தாய். குற்றம் பன்மையிற் சாட்டப்படுகின்றது. தண்டனை ஒருமையில் நிறைவேறுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வெளியில்தான் முன்முடிபு ஒளிந்து வாழ்கின்றது. அவ்வெளியைக் கயாவின் வினா திறந்து காட்டுகின்றது. கேபியிடம் அதற்கு விடை இல்லை.

விடை கூறுபவன் பால்கோ. அத்தாக்குதல் மார்லியின் படைச்சூழ்ச்சியின் ஒரு பகுதி என்றும், கயாவின் தாய் எக்குற்றமும் செய்திலள் என்றும் சொல்லி அவன் வருந்துகின்றான். இவ்விடை காரணத்தையும் குற்றத்தையும் பிரிக்கின்றது. கயாவின் தாய் இறந்ததற்குக் காரணம் உண்டு, குற்றம் இல்லை. காரணம் உண்டாயின் குற்றமும் உண்டாதல் வேண்டும் என்று மயங்குவதே கேபியின் பிழை. கயாவின் தாயை உண்ட பேருருவரும் மார்லியின் சூழ்ச்சியால் உருமாற்றப்பட்ட சிற்றூர் மக்களுள் ஒருவரே. இச்செய்தியைக் காண்போர் அறிவர். சொற்போரிடும் கயா அறியாள். சொல்லாது நிற்கும் இவ்வெச்சம் அக்காட்சியின் துயரை மிகுவிக்கின்றது.

நாமும் நாங்களும்

தமிழிற் படிப்பார்க்கு இங்கு மற்றொரு நுட்பம் புலனாகும். தன்மைப் பன்மையில் 'நாம்' என்பது கேட்போரை உளப்படுத்தும். 'நாங்கள்' என்பது விலக்கும். ஜப்பானிய மொழியின் பொது வழக்கில் இவ்வேறுபாடு இல்லை. ஆகவே, கேபி தன் கூட்டத்தைக் குறித்துப் பேசும் இடங்களைத் தமிழாக்குவார் ஒவ்வொரு முறையும் நாம் என்பதா, நாங்கள் என்பதா என்று தடுமாற நேரும்.

மார்லியரிடம் பேசும்போது அவள் விழைவது நாம் என்பதையே. ஆயின் கையிற் கட்டிய பட்டை அச்சொல்லை அவளுக்கு மறுக்கின்றது. தீவினரிடம் பேசும்போது அவள் பிடிவாதமாகச் சொல்வது நாங்கள் வேறு, நீங்கள் வேறு என்பது. ஆயின் மார்லியர் கண்ணில் அவர்கள் ஓரினத்தாரே. தீவினர் மேல் அவள் வீசும் பழிச்சொற்கள் தன் மேல் வீசப்பட்டவையே. தன்மேல் விழுந்த பழியைத் தன் இனத்தின் மற்றொரு பகுதிமேல் ஏற்றித் தான் நீங்கிக்கொள்ள முயலும் துயரமே அவள் வெறுப்பின் வேர். தப்பியோடிய வழியிற் பால்கோ அவள் கைப்பட்டையைப் பறித்தெறிந்தபோது அவள் கொண்ட சினத்தை இவ்வாறே விளங்கிக்கொள்ளல் வேண்டும். பட்டை இழிவின் அடையாளம் மட்டும் அன்று; தான் நல்ல எல்தியள் என்பதற்கு அவள் வைத்திருந்த ஒரே சான்று.

படிக்கவியலா ஏடு

உரையளவையை ஆசிரியர் எவ்வாறு கருதுகின்றார் என்பதற்கு 2019-இல் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்திற் சான்றுண்டு. லிபேரியோவில் எல்தியர் உரிமைக்காக மறைவில் இயங்கிய குழுவினர்க்குப் பழைய ஆவணங்கள் கிடைக்கின்றன. கிரிஷா என்னும் இளைஞன் அவற்றைக் கொண்டு, எல்தியரின் முதல்வியாகிய யுமிர் நிலம் திருத்தி மக்களை வாழ்வித்தவள் என முழங்குகின்றான். அவ்வேட்டின் தொன்மொழியை அவன் முழுதும் படிக்கவல்லன் அல்லன். ஆயினும் உணர்ந்துகொண்டதாகச் சொல்கின்றான். கேட்போரும் கண்ணீர் மல்க ஏற்கின்றனர். யுமிர் பேயுடன் உடன்படிக்கை செய்தவள் என்பது மார்லியின் உரை. யுமிர் ஓர் அரசனின் அடிமைப்பெண் என்பதைத் தொடர் 2022-இற் காட்டுகின்றது. மார்லியார் உரையிலும் கிரிஷாவின் உரையிலும் அவ்வடிமைச் சிறுமி இல்லை.

ஏடுகளோடு வாழும் நமக்கு இப்பகுதி அச்சமூட்டுவது. படிக்கவியலாத இடத்தில் நம் விருப்பத்தைப் படித்துவிடும் பிழை பகைவர்க்கு மட்டும் உரியதன்று. ஒடுக்கப்பட்டார் தம் மானத்திற்காகப் படித்தாலும் பிழை பிழையே. கிரிஷாவின் பொய்ப்பெருமையும் மார்லியின் பொய்ப்பழியும் ஒரே அளவைக் குற்றத்தின் இரு முகங்கள். ஆயின் விளைவில் அவை ஒவ்வா. படையும் வேலியும் மார்லியின் கையில் இருந்தன. இவ்வேறுபாட்டை மறந்து இருபாலும் ஒன்று என்பார் கூற்றைக் கண்டு களனை மறந்தவராவர்.

பழியும் முன்முடிபும்

சாஷாவைக் கொன்றவள் கேபி என்பது ஓர் உணவகத்தில் வெளிப்படுகின்றது. சாஷாவைக் காதலித்த சமையற்காரன் நிக்கோலோ, பிறப்பால் மார்லியன். அவன் கேபியைப் பற்றி இழுத்து, சாஷாவின் தந்தை பிரவுஸ் கையில் கத்தியை நீட்டுகின்றான். அவர் கத்தியை வாங்கி மேசைமேல் வைக்கின்றார். வேட்டுவர் தம் மகளைக் காட்டிலிருந்து வெளியுலகிற்கு அனுப்பியதாகவும், ஆனால் உலகமே கொன்று கொல்லப்படும் பெருங்காடாக இருந்தது எனவும், முன்னோர் பழியை முதியோர் சுமந்து சிறாரையேனும் காட்டினின்று விலக்கல் வேண்டும் எனவும் அவர் கூறுகின்றார். அக்கணமே கயா அக்கத்தியை எடுத்துக் கேபிமேற் பாய்கின்றாள். சாஷாவின் தோழி மிக்காசா குறுக்கே நின்று கேபியைக் காக்கின்றாள்.

கயாவும் கேபியும் இங்கு ஒருநிகர் ஆகிவிட்டனர் என்பாருளர். அது பொருந்தாது. என்னை? கயா தாக்குவது சாஷாவைக் கொன்ற அவ்வொருத்தியை. அது பழி. கேபி வெறுத்தது தான் அறியாத ஒரு தீவு முழுமையையும். அது முன்முடிபு. பழி ஒருமையை நோக்கும். முன்முடிபு பன்மையை நோக்கும். பழியைத் தடுக்காவிடின் அது அடுத்த தலைமுறையில் முன்முடிபாக முதிரும் என்பதே பிரவுஸ் கூற்றின் கருத்து. அவரும் இன்ன இனம் நல்லது, இன்ன இனம் தீயது என்று ஒன்றும் சொல்லவில்லை. தம் மகளை ஒருத்தியாகவே நினைத்துப் பேசினார்.

கூற்றின் பயன் உடனே விளையவில்லை என்பதும் கருதத்தக்கது. கயாவின் வினாவாற் கேபி அவ்விடத்தே திருந்தினாளல்லள். பிரவுஸின் சொல்லால் கயா அவ்விடத்தே அடங்கினாளல்லள். கயாவை மற்றொரு பேருருவர் பிடிக்க வந்தபோது கேபி சுட்டுக் காக்கின்றாள். அத்தோற்றத்திற் கயா சாஷாவைக் காண்கின்றாள். தன்னுள்ளேதான் பேய் இருந்தது என்று கேபி உணர்ந்து உரைப்பது அதன் பின்னரே. சொல் வித்து; செயல் விளைவு. மார்லியின் படைத்தலைவர் மாகத்தும் அவ்வாறே. இரவில் தீயருகே தீவினரோடு பழைய வரலாறு பேசிக் கடுமையாக வழக்கிட்டவர், அச்சண்டையை நேரிற் கண்ட சிறாரை எண்ணி, மறுநாள் தம் செயலுக்கு வருந்துகின்றார். அவர் தோற்றது வாதத்தில் அன்று.

மறுப்பும் விடையும்

இந்நூலைப் பற்றி வலிய மறுப்பு ஒன்றுண்டு. கைப்பட்டையும் வேலியிட்ட குடியிருப்பும் ஐரோப்பிய யூதர் பட்ட கொடுமையை நினைவூட்டுகின்றன. நாசியர் பிடியிலிருந்த போலந்தில் 1939-இன் இறுதியிலேயே யூதர் கைப்பட்டை அணியப் பணிக்கப்பட்டனர். ஆயின் யூதர்மேற் சாட்டப்பட்டவை முழுப்பொய். 1903-இல் உருசியாவில் வெளிவந்த 'சீயோன் மூத்தோர் நெறிமுறைகள்' புனைந்த நூல் என்பதை 1921-இல் இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் வெளிப்படுத்தியது. கதையிலோ எல்தியர் மெய்யாகவே பேருருவராக மாறவல்லவர். அச்சத்திற்கு மெய்க்காரணம் தந்துவிட்டு முன்முடிபைக் கண்டிப்பது எங்ஙனம் என்பது மறுப்பு.

இம்மறுப்பின் ஒரு பகுதியை நாம் ஏற்கின்றோம். எல்தியரை யூதர்க்கு உவமையாகக் கொள்ளின் உவமை வழுப்படும். வழுவுவதோடு தீங்கும் பயக்கும். ஆதலின் இதனை யூதர் வரலாற்றின் உருவகமாகப் படித்தல் தகாது. ஆசிரியர் அவ்வடையாளங்களைக் கையாண்டது அப்படிப்பிற்கு இடந்தந்தது என்பதும் குறையே. ஆயின் சொற்போரை மட்டும் நோக்கின், முன்னோர் குற்றம் மெய்யாகவே இருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தமை கயாவின் வினாவை வலுப்படுத்துகின்றது. முன்னோர் குற்றமற்றவர், ஆதலின் என் தாயும் குற்றமற்றவள் என்று அவள் வாதிட்டிருப்பின், வரலாற்றுச் சான்று ஒன்று வெளிப்பட்ட அன்றே அவ்வாதம் வீழும். முன்னோர் யாராயினும் ஆகுக, என் தாய் செய்தது யாது என்ற வினா எச்சான்றாலும் வீழாது. இனத்தின் புகழால் ஒருவரைக் காத்தலும் இனத்தின் பழியால் ஒருவரை ஒறுத்தலும் ஒரே தருக்கத்தின் இரு பயன்கள். கயா அத்தருக்கத்தினுள் நுழையவேயில்லை.

முடிவுரை

தொடரின் முடிவு ஆறுதல் தருவதன்று. உலக மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் தீவினன் ஒருவனால் அழிகின்றனர். 2023-இல் ஒளிபரப்பான இறுதிப் பகுதியின் நிறைவுக் காட்சிகளில் பிற்காலத்துப் போரொன்றில் அத்தீவும் பாழாகின்றது. இரு சிறுமியர் நெஞ்சு திருந்தியதால் உலகம் திருந்திற்று என ஆசிரியர் பொய்யுரைக்கவில்லை.

ஆராய்ந்தவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முன்முடிபு பேசுவார் கூற்றைத் தனித்து நோக்காது, அவரே வேறிடத்தில் வேறளவை கொண்டு பேசிய கூற்றோடு ஒப்பிடல் வேண்டும் என்பது ஒன்று. பன்மையிற் சாட்டிய குற்றத்தை ஒருமையில் வினவுதலே அதனை அளக்கும் கோல் என்பது மற்றொன்று. அவ்வினாவின் பயன் சொற்போர் முடியும் இடத்தில் அன்றி, அதன்பின் விளையும் செயலிற் காணத்தக்கது என்பது மூன்றாவது.

நம் பழநூல்களிலும் குலமும் குடியும் பற்றி மாந்தர் வழக்கிடும் இடங்கள் பல. அவற்றை ஆராயப் புகும் மாணாக்கர், வென்றவர் யார் என்று வினவுமுன், அங்கே கயாவின் வினாவை எவரேனும் கேட்டனரா என்று தேடுக. கேட்டார் இருப்பின் அவர் கூற்றினின்றே நூலைத் தொடங்கிப் படித்தல் தகும். கேட்டார் இல்லையெனின், அவ்வின்மையும் ஆராய்ச்சிக்கு உரிய பொருளே என்க.